பரோட்டாக் கல்லின் முன் பதினொரு மணி நேரம்: ஒரு சுருள் சிரை நோயாளியின் ஏழு மாதப் பதிவு

மதுரையில் இரவுக் கடை ஒன்றில் 24 ஆண்டுகளாகப் பரோட்டா மாஸ்டராக இருக்கும் 47 வயதுக்காரர் ஒருவர், டிசம்பர் முதல் வாரத்தில், இடது கணுக்காலின் உள்பக்கத்து அரிப்புக்காக என்னிடம் வந்தார். அரிப்புதான் அவரை வரவழைத்ததே தவிர, முழங்காலுக்குக் கீழே கயிறு போல் புடைத்து நெளிந்து ஓடிய நாளங்களை அவர் ஒரு குறையாகவே சொல்லவில்லை. அவை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இருப்பதாகவும், தம் தாயாருக்கும் அப்படித்தான் இருந்ததாகவும், நின்று வேலை பார்ப்பவனுக்கு இது வந்தே தீரும் என்றும் அவர் எண்ணியிருந்தார். மாலை ஏழு மணிக்கு மேல் கெண்டைக்கால் கடுப்பதும், கடை அடைக்கும் நேரத்தில் செருப்பு வார் பாதத்தில் பதிந்திருப்பதும், படுத்த பின் ஆடுசதை பிடித்துக்கொள்வதும் நான் கேட்ட பிறகே ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இங்கே மாற்றப்பட்டுள்ளன.

நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். சுருள் சிரை (வெரிகோஸ் வெயின்) என்னும் இதற்கு மக்கள் வழக்கில் ‘நரம்புச் சுருட்டு’ என்று பெயர். தமிழில் நரம்பு என்னும் சொல் உணர்வைக் கடத்தும் நரம்பையும் குறிக்கிறது, தோலுக்கடியில் தெரியும் இரத்தக் குழாயையும் குறிக்கிறது. இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பதற்கு இந்த நோயாளியே சான்று: ‘நரம்பு பலவீனம்’ என்று கருதி ஈராண்டுகள் அவர் சத்து மாத்திரைகளும் பி12 ஊசிகளும் எடுத்திருந்தார். அவருடைய கோளாறு சிரையில், அதாவது அசுத்த இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாயில் இருந்தது. அந்த மருந்துகள் சிரையின் பக்கமே போவதில்லை. அதற்குப் பிறகு, யாரோ சொன்னதைக் கேட்டு, பூண்டை அரைத்து விளக்கெண்ணெயில் குழைத்து இரவு முழுவதும் கட்டி வைத்ததில் தோல் கொப்புளித்து ஆறியிருந்தது. நசுக்கிய பூண்டைத் தோலில் நெடுநேரம் கட்டினால் இரசாயனப் புண் உண்டாகும். இரத்த ஓட்டம் தேங்கிய கணுக்காலில் அது ஆறாத புண்ணாகவே மாறக்கூடும். அவருக்கு ஆறியது அதிர்ஷ்டம்.

பரிசோதனையில் கண்டவை

உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ. நிற்க வைத்துப் பார்த்தபோது, இடது தொடையின் உள்பக்கத்திலிருந்து கெண்டைக்கால் வரை தோலுக்கடியில் ஓடும் பெருஞ்சிரையும் அதன் கிளைகளும் புடைத்திருந்தன. கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருத்து, செதில் உதிர்ந்து, சொறிந்த கீறல்களோடு இருந்தது. வலது காலில் சிறிய புடைப்புகள் மட்டுமே. தொந்தரவு ஏதும் இல்லை. பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. கணுக்காலுக்கும் கைக்கும் இடையிலான இரத்த அழுத்த விகிதம் 1.05. இந்த அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தமனி அடைப்புள்ள காலில் அழுத்தக் காலுறையை மாட்டிவிட்டால், குறைவாகப் போய்க்கொண்டிருக்கும் நல்ல இரத்தத்தையும் அது தடுத்துவிடும். சர்க்கரை நோய் இல்லை.

இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், இடது பெருஞ்சிரை தொடைச் சிரையோடு சேரும் இடத்திலேயே வால்வு பழுதுபட்டிருந்தது. இரத்தம் கீழ்நோக்கித் திரும்பி ஓடிய நேரம் 2.4 விநாடி; தோலடிச் சிரைகளில் அரை விநாடியைத் தாண்டினாலே அது நோய். ஆழ்சிரைகள் திறந்திருந்தன, உறைகட்டி இல்லை. 1994-இல் உருவாக்கப்பட்டு 2020-இல் மீண்டும் திருத்தப்பட்ட, சிரை நோயின் நிலைகளைத் தரம் பிரிக்கும் சி.இ.ஏ.பி. வகைப்பாட்டின்படி இது சி4ஏ நிலை. வெறும் புடைப்பு சி2, வீக்கம் சி3, தோல் கருத்துச் சொறி தோன்றுவது சி4ஏ, புண்ணாகி ஆறினால் சி5, ஆறாமல் திறந்திருந்தால் சி6. தோல் கருத்திருப்பதன் பொருள், தேங்கிய அழுத்தத்தால் நுண்குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலிலேயே தங்கிவிட்டது என்பதே. எந்தத் தைலமும் அதை வெளுக்கச் செய்வதில்லை.

இந்த நிலையில் பாடநூல் சொல்வது தெளிவானது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொந்தரவு தரும் சுருள் சிரைக்கு முதலில் வெப்பத்தால் சிரையை மூடும் சிகிச்சையையும், அது பொருந்தாவிட்டால், மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்தி அதை மூடும் நுரை ஊசியையும், அதுவும் பொருந்தாவிட்டால் அறுவையையும் பரிந்துரைக்கிறது. இவை எதுவுமே பொருந்தாதவர்களுக்கு மட்டுமே காலுறையைச் சிகிச்சையாகக் கொடுக்கலாம் என்கிறது. அறுவை மருத்துவரும் லேசர் சிகிச்சைக்கே நாள் குறிக்கச் சொன்னார். நோயாளி மறுத்தார். வைகாசியில் மகளின் திருமணம் இருந்தது, பணம் அதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது, கடையில் அவருக்கு மாற்றாள் இல்லை. ஆறு மாதம் ‘இயற்கையா ஏதாவது’ செய்து பார்க்கிறேன் என்றார். நான் ஒப்புக்கொண்டேன், ஆனால் செய்வது எதுவாயினும் அளந்து எழுத வேண்டும் என்று நிபந்தனை வைத்தேன்.

நிற்பது ஏன் கெடுதி, நடப்பது ஏன் கெடுதியில்லை

அவருக்கு நான் சொன்ன விளக்கத்தையே இங்கும் தருகிறேன், ஏனெனில் பின்னால் செய்தவை அனைத்தும் இதிலிருந்தே வந்தவை. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில், இதயம் வரையுள்ள இரத்தத் தூணின் கனம் முழுவதும் இறங்குகிறது. அங்கே சிரையின் அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். ஓர் அடி எடுத்து வைக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரையைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது திரும்பி வராமல் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. நல்ல காலில் சில அடிகள் நடந்த மாத்திரத்தில் இந்த அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. வால்வு கெட்ட காலில் அந்த அளவுக்கு இறங்காவிட்டாலும், அசையாமல் நிற்பதைவிட நடப்பது எப்போதும் மேல். ஆக, உணவகத்தில் நாள் முழுதும் மேசைக்கு மேசை ஓடும் சப்ளையரைவிட, கல்லின் முன் ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும் மாஸ்டரின் கால்தான் அதிகம் வதைபடுகிறது. அடுப்பின் சூடு தோலடிச் சிரைகளை மேலும் விரியச் செய்கிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையின் பங்கு கற்பனையன்று. டென்மார்க்கில் 2005-இல் வெளியான ஆய்வொன்றில், வேலை நேரத்தின் முக்கால் பங்குக்குக் குறையாமல் நின்றோ நடந்தோ வேலை செய்தவர்கள், மற்றவர்களைப் போல் ஏறத்தாழ 1.8 மடங்கு சுருள் சிரைக்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றதாகத் தெரிந்தது. இது பெண்களின் நோய் என்ற எண்ணமும் முழு உண்மையன்று: 1999-இல் வெளியான எடின்பரோ சிரை ஆய்வில், 18 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில் 40 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 32 விழுக்காட்டினருக்கும் பெருஞ்சிரைப் புடைப்பு காணப்பட்டது. பெண்கள் மருத்துவரிடம் வருகிறார்கள், ஆண்கள் வேட்டியை இறக்கி விட்டுக்கொள்கிறார்கள்.

நிற்பதைப் பற்றிய பேச்சு நம் பக்கத்தில் சட்டமாகவே வந்ததற்குக் கடைப் பெண்களே காரணம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டி பி. விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 2018-இல் கேரளமும், 2021-இல் தமிழ்நாடும், கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் எனத் தத்தம் சட்டங்களைத் திருத்தின. ஆனால் பரோட்டா வீசுவதை உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது. அதனால் அவருடைய ஒரு நாளை நாங்கள் மணிக்கணக்கில் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நாளைப் பிரித்த விதம்

பிற்பகல் ஒரு மணிக்கு மாவு பிசையத் தொடங்கி இரவு பன்னிரண்டரைக்குக் கல்லைத் துடைப்பது வரை பதினொன்றரை மணி நேரம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. மீதி பதினொரு மணி நேரமும் நின்றபடி. இதில் கல்லின் முன் நின்றே ஆக வேண்டிய நேரம் மாலை ஐந்துக்குப் பிறகுதான். அதற்கு முன் மாவை உருண்டை பிடிப்பதும், எண்ணெயில் ஊற வைப்பதும், வெங்காயம் அரிவதும் பழக்கத்தால் நின்று செய்யப்பட்டவை. மேசை உயரத்துக்கு ஏற்ற முக்காலி ஒன்றைப் போட்டு, இடது காலைக் கவிழ்த்த எண்ணெய் டின்னின் மேல் நீட்டி வைத்து, இந்த வேலைகளில் இரண்டு மணி நேரத்தை அவர் உட்கார்ந்து செய்யத் தொடங்கினார். முதலாளி ஆட்சேபிப்பார் என்று அவர் பயந்தார். முதலாளிக்கு அது கண்ணில்கூடப் படவில்லை.

அடுத்தது காலை உயர்த்துவது. தலையணை மேல் காலை வைப்பது போதாது. குதிகால் இதயத்துக்கு மேலே இருக்க வேண்டும். சாமான் அறையில் மைதா மூட்டைகளின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தரையில் படுப்பது அதற்கு மிகச் சரியான உயரமாக அமைந்தது. நான்கு மணிக்கும் ஏழரைக்கும் பத்து மணிக்கும் பத்துப் பத்து நிமிடம் என்று எழுதினோம். உட்கார்ந்த இரண்டு மணியும் இந்த அரை மணியும் போக, நின்ற நேரம் பதினொன்றிலிருந்து எட்டரை மணியாகக் குறைந்தது.

கல்லின் முன் நிற்கும் நேரத்துக்கு வேறு உபாயம் தேவைப்பட்டது. ஒரு கல் பரோட்டா வேகும் இடைவெளியில், மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரு குதிகால்களையும் இருபது முறை உயர்த்தி இறக்குவது என்று வைத்துக்கொண்டார். கெண்டைக்கால் தசைக்குத் திட்டமிட்ட பயிற்சி கொடுத்தால் அதன் பிழியும் திறன் கூடுகிறது என்பதை, சிரைக் கோளாறு உள்ளவர்களிடம் செய்து 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. முதல் வாரம் உடன் வேலை செய்பவர்கள் சிரித்தார்கள் என்றும், மூன்றாம் வாரம் சால்னா கிண்டுபவரும் செய்யத் தொடங்கினார் என்றும் அவர் சொன்னார். காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி அரை மணி நேர நடை. வாரத்துக்கு ஐந்து நாள் எனத் தொடங்கியது நாலாகி நின்றது.

அழுத்தக் காலுறையில்தான் நாங்கள் தோற்றோம். 20 முதல் 30 மி.மீ. அழுத்தமுள்ள, முழங்காலுக்குக் கீழ் வரையிலான காலுறையைக் கணுக்காலின் சுற்றளவு பார்த்து வாங்கினோம். வீக்கம் ஏறுவதற்கு முன் எழுந்தவுடனே மாட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நாலாம் நாள் அதை மேல்விளிம்பில் இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். மடித்த இடம் முழங்காலுக்குக் கீழே இறுகிய பட்டை போல் இருந்து, மேலேற வேண்டிய இரத்தத்தையே தடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகும், அடுப்பின் முன் அந்தத் துணி வியர்வையில் ஊறிச் சொறியைக் கிளப்பியது. தீயின் அருகில் செயற்கை இழைத் துணி கூடாது என்ற அச்சமும் எனக்கு இருந்தது. கடைசியில், எழுந்ததிலிருந்து மாலை ஐந்து மணி வரை மட்டும் அணிவது என்று சமரசம் செய்துகொண்டோம். அதிகம் தேவைப்படும் நேரத்தில் காலுறை இல்லை என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. குளிர்நாட்டு ஆய்வுகளில் காலுறையின் பயனைப் படிக்கும்போது, பங்குனி மாதத்து மதுரைச் சமையலறையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது.

உணவில் பெரிய மாற்றம் ஒன்றுதான்: இரவு ஒரு மணிக்கு மிஞ்சிய பரோட்டாவையும் சால்னாவையும் சாப்பிடுவதை விட்டு, மாலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து வரும் சோறும் கீரையும் சாப்பிடத் தொடங்கினார். நார்ச்சத்துக் குறைவால் வரும் மலச்சிக்கலும் முக்கலும் சுருள் சிரைக்குக் காரணம் என்று மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1972-இல் முன்வைத்த கருத்து இன்றும் உறுதிப்படவில்லை. ஆயினும் மலச்சிக்கல் தீர்ந்ததில் அவருக்கு நட்டமில்லை. எடை மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. சொறிக்குப் பத்து நாள் ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தேன். அதன் பிறகு குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய் தடவுவது மட்டுமே. சோப்பை அந்த இடத்தில் நிறுத்தினோம்.

மூலிகைகளைப் பற்றி அவர் மூன்று கேள்விகள் கேட்டார். வல்லாரை: அதன் பிரித்தெடுத்த சாரம் கால் வீக்கத்தைக் குறைப்பதாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு, கீரையாகச் சாப்பிட்டால் அதே பலன் என்று சொல்ல ஆதாரம் இல்லை, துவையலாகச் சாப்பிடத் தடையும் இல்லை. இணையத்தில் விற்கும் ஹார்ஸ் செஸ்ட்நட் வில்லைகள்: நம் ஊர் மரமன்று என்றாலும், மூலிகைகளுள் ஓரளவு நல்ல ஆதாரம் இதன் விதைச் சாரத்துக்கே இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்ட 2012-இன் காக்ரேன் தொகுப்பாய்வு, குறுகிய காலத்தில் வலியையும் வீக்கத்தையும் இது குறைப்பதாகக் கண்டது. ஆனால் பதப்படுத்தாத விதை நஞ்சு. நான் அதைத் தொடங்கவில்லை. செய்த மாற்றங்களின் பலன் எவ்வளவு என்று முதலில் பார்க்க விரும்பினேன். மூன்றாவது அட்டை விடுவது. அது வேண்டவே வேண்டாம் என்றேன்: அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் கிருமி, ஏற்கெனவே நலிந்த இந்தத் தோலில் புண்ணை உண்டாக்கலாம். கெட்ட இரத்தம் என்று தனியாக ஒன்று அங்கே சேர்ந்திருக்கவும் இல்லை. திரும்பிப் போக வழியில்லாத அதே இரத்தம்தான்.

அளவுகள்

அவருடைய மனைவி வீட்டில் தையல் வேலை செய்பவர். இஞ்ச் டேப்பால், கணுக்கால் எலும்புக்கு மேலே பேனாவால் குறித்த ஒரே இடத்தில், காலையிலும் கடை முடிந்து வந்த பிறகும் அளந்து ஒரு நோட்டில் எழுதினார். நான் பார்த்த மருத்துவமனைக் குறிப்பேடுகள் பலவற்றைவிட அந்த நோட்டு ஒழுங்காக இருந்தது. தொடக்க வாரத்தின் சராசரி காலையில் 24.1 செ.மீ., இரவில் 27.3 செ.மீ.; ஒரு நாளின் வீக்கம் 3.2 செ.மீ. மார்ச் முதல் வாரத்தில், வெயில் ஏறத் தொடங்கிய பிறகும்கூட, இது 1.5 செ.மீ.-ஆகக் குறைந்திருந்தது. பத்துக்கு ஏழாக இருந்த கடுப்பு மூன்றாகியது. ஆடுசதைப் பிடிப்பு மாதம் ஓரிரு முறையாயிற்று. சொறி ஆறியது, கருமை அப்படியே இருந்தது. மீண்டும் எடுத்த டாப்ளரில் இரத்தம் திரும்பி ஓடிய நேரம் 2.3 விநாடி. அளவீட்டில் இயல்பாக வரும் வேறுபாட்டைக் கழித்தால், வால்வில் எந்த மாற்றமும் இல்லை.

எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது, ஏனெனில் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்கினோம். ஆயினும் நோட்டில் ஒரு தடயம் இருந்தது: உதவியாள் வராததால் முக்காலியில் உட்காரவும் மைதா மூட்டையில் காலை வைக்கவும் அவரால் முடியாத நாட்களில், நடையும் உணவும் தவறாதபோதும், வீக்கம் இரண்டரை செ.மீ.-ஐத் தாண்டியது. நிற்கும் மணிகளைக் குறைத்ததே பெரும் பங்கு வகித்தது என்பது என் ஊகம்.

மார்ச் மாதத்தில் நாங்கள் இருவரும் மகிழ்ச்சியாக இருந்தோம். என் தவறு அங்கேதான் நேர்ந்தது. அப்போது எடுத்த புகைப்படத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே, தோல் மெலிந்து நீலமாகப் பொங்கிய மிளகளவு சிரைக் குமிழ் ஒன்று தெரிகிறது. இன்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அன்று நான் வீக்கத்தையும் சொறியையும் மட்டும் பார்த்தேன். கடுப்பு குறைந்த காலில் ஆபத்தும் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

சித்திரைத் திருவிழாவும் அதன் மறுநாளும்

திருவிழா வாரத்தில் மதுரையின் இரவுக் கடைகள் தூங்குவதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளையொட்டி மூன்று நாட்கள் அவர் ஏறத்தாழ பதினாறு மணி நேரம் வீதம் நின்றார். முக்காலி வாடிக்கையாளருக்குப் போயிற்று. நோட்டில் அந்த நாட்களின் வீக்கம் 3.4, 3.6, 3.6. நான்காம் நாள் காலை வெந்நீரில் குளித்துவிட்டுக் காலைத் துவட்டும்போது அந்தக் குமிழ் உடைந்து, இரத்தம் சுவர் வரை பீய்ச்சியது. வலி இல்லை. அவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருக்க, வீட்டார் முழங்காலுக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டி ஆட்டோவில் உட்கார வைத்து அழைத்து வந்தனர். வழி முழுதும் இரத்தம் நிற்கவில்லை.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பாம்புக் கடிக்கும் வெட்டுக் காயத்துக்கும் கட்டிப் பழகிய கை, இங்கும் மேலே கட்டுகிறது. இது சிரையிலிருந்து வரும் இரத்தம். மேலே கட்டினால் திரும்பும் வழி அடைபட்டுக் கீழே அழுத்தம் கூடி, இரத்தம் இன்னும் வேகமாகக் கொட்டும். செய்ய வேண்டியது, அந்த இடத்திலேயே தரையில் படுக்க வைத்து, காலை நாற்காலி மேல் உயர்த்தி, சுத்தமான துணியை உடைந்த இடத்தின் மேல் வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துவது. அதன் பிறகே மருத்துவமனை. தனியாக இருக்கும்போது இப்படி இரத்தம் கொட்டி முதியவர்கள் இறந்ததுண்டு. இவரைப் படுக்க வைத்து, துண்டை அவிழ்த்து, காலைத் தூக்கி அழுத்தியதும் சில நிமிடங்களில் நின்றது. ஹீமோகுளோபின் 11.8. டிசம்பரிலேயே இந்த நான்கு வரிகளை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

இரத்தப்போக்கு ஏற்பட்ட பின் காத்திருக்க இடமில்லை. நைஸ் வழிகாட்டுதலும் அத்தகையவரை உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது. மே மாத நடுவில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, லேசரால் இடது பெருஞ்சிரை மூடப்பட்டது. குமிழ் இருந்த கிளைச் சிரைக்கு நுரை ஊசி. அன்றே நடந்து வீட்டுக்குப் போனார். பத்தாம் நாள் கல்லின் முன் நின்றார். திருமணச் செலவுக்கு எடுத்து வைத்ததிலிருந்து சிகிச்சைக்குப் போனதைக் கடை முதலாளி முன்பணமாகக் கொடுத்து ஈடுகட்டினார்.

ஆறு வாரம் கழித்து எடுத்த டாப்ளரில் பெருஞ்சிரை முழு நீளத்துக்கும் மூடியிருந்தது. வீக்கம் 0.9 செ.மீ., கடுப்பு ஒன்று. சிரையை மூடியதால் அவருடைய வேலை மாறிவிடவில்லை. வலது காலில் சி2 நிலையில் புடைப்புகள் இருக்கின்றன, இடது காலிலும் ஆண்டுகள் செல்லச் செல்லப் புதிய சிரைகள் பழுதுபடலாம். ஆகவே முக்காலி, மைதா மூட்டை, குதிகால் பயிற்சி, நடை ஆகியவை தொடர்கின்றன. காலுறையை மார்கழி, தை மாதங்களில் மட்டும் முழு நேரமும் அணிய இசைந்திருக்கிறார். நோட்டில் இப்போது வாரம் ஒரு நாள் இரு கால்களின் அளவும் ஏறுகின்றன. அதன் முதல் பக்கத்தில், இரத்தம் வந்தால் செய்ய வேண்டியவை அவருடைய மனைவியின் கையெழுத்தில் இருக்கின்றன.